அச்சத்துக்கு ஒரு பீடம்

மத நம்பிக்கையில் அச்சத்துக்கு என்ன இடம் என்று பார்ப்பதற்கு இராஜாக்கமங்கலம் வட்டாரம் தோதான இடம். நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே தென்னந்தோப்பும் கடற்கரையுமாகக் கிடக்கும் இந்த நிலத்தில் மாடன் பீடம், இசக்கியம்மன் கோயில், முத்தாரம்மன் கோயில், அய்யாவழி நிழல்தாங்கல், சி.எஸ்.ஐ. ஆலயம், கடலோரக் குருசடி எல்லாம் சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் வந்துவிடும். பயம் இல்லாத இடம் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் பயத்தை ஒவ்வொன்றும் நடத்தும் விதம் வேறு.

அச்சம்தான் கடவுளைப் படைத்தது என்ற கருத்து ரோமானியர் காலத்திலேயே உண்டு. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், சமயத்தின் இயல்பான வரலாறு பற்றி 1757இல் வெளியிட்ட நூலில், நாளை என்ன ஆகுமோ என்ற கவலையும் எதிர்பார்ப்பும்தான் முதல் தெய்வங்களைத் தோற்றுவித்தன என்றார். பெர்ட்ரண்ட் ரசல் 1927 மார்ச் மாதம் லண்டனில் ஆற்றிய ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல’ உரையில், மதத்தின் முதன்மையான அடித்தளமே அச்சம் என்று வாதிட்டார். அந்த உரையைத் தமிழில் பரப்பியது பெரியாரின் இயக்கம். இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தது: அணங்கு, விலங்கு, கள்வர், ஆள்பவர். பேய் தெய்வத்தையும் ஆட்சி செய்கிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதில் ஒரு கூர்மை இருக்கிறது. இடிக்கும் நோய்க்கும் பயந்த மனிதன் கடவுளைக் கற்பித்துக்கொண்டான் என்று சொல்லி நிறுத்துகிற வாதத்தில் விட்டுப்போவது, மனிதனுக்கு மனிதன்மேல் இருந்த பயம். நாஞ்சில் நாட்டுத் தெய்வங்களின் கதைகளில் இடி மின்னலைவிட அரிவாளும் கட்டாரியும்தான் அதிகம்.

வெட்டுப்பட்டவர்கள்

குமரி, நெல்லை மாவட்டங்களின் வில்லுப்பாட்டுக் கதைகளைக் கள ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் அவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று பிறப்புக் கதை: கைலாயத்தில் பிறந்து பூமிக்கு வரம் வாங்கி வரும் தெய்வங்களுடையது. மற்றது இறப்புக் கதை: இந்த மண்ணில் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, செத்தபின் தெய்வமானவர்களுடையது. ஊரில் இந்த இரண்டாம் வகையை ‘வெட்டுப்பட்ட வாதைகள்’ என்பார்கள். சாதி மீறிக் காதலித்ததால் கொல்லப்பட்டவர், பொய்ப்பழி சுமத்தப்பட்டவர், சூல் வயிற்றோடு செத்தவள், தூக்கில் தொங்கியவர் என்று இவர்கள் பல வகை. பிளாக்பர்ன் கவனித்த இன்னொன்று, இறப்புக் கதையில் கொலை நடக்கும் கட்டத்தைப் புலவர் பாடும்போதுதான் பெரும்பாலும் சாமியாடிக்கு அருள் ஏறுகிறது என்பது. பாட்டின் உச்சமும் பயத்தின் உச்சமும் ஒரே இடத்தில் வருகின்றன.

இப்படிச் செத்தவர்களுக்கு ஏன் பயப்பட வேண்டும்? வயதாகிப் படுக்கையில் செத்த தாத்தாவுக்கு யாரும் பயப்படுவதில்லை. அவருக்கு ஆடி அமாவாசையில் ஒரு இலை போட்டால் போதும். பாதியில் பறிக்கப்பட்ட உயிர்தான் அடங்காமல் அலையும் என்பது நம்பிக்கை. அதன் கணக்கு தீரவில்லை. கணக்கை முடிக்க வேண்டியவர்கள் கொன்றவர்களும், அவர்களுடைய வாரிசுகளும், வேடிக்கை பார்த்த ஊரும். எனவே இந்தப் பயத்தில் பாதி குற்றவுணர்வு. தண்டிக்கச் சட்டமோ பஞ்சாயத்தோ முன்வராத கொலைகளுக்கு, செத்தவரே வந்து தீர்ப்புச் சொல்வார் என்ற பயம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பயத்துக்கு ஊர் கட்டிக் கொடுத்த இடம்தான் பீடம்.

இதற்கு வெளிநாட்டாரும் விலக்கல்ல. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைக் கும்பினிப் படை தாக்கியது. அதில் படுகாயமுற்று இறந்த கேப்டன் ‘போல்’ என்ற ஆங்கிலேயரை நெல்லைச் சீமையின் மணற்காட்டில் புதைத்தார்கள். பின்னாளில் அந்தப் பக்கத்து மக்கள் அவரையும் அடங்காத ஆவியாகக் கருதி, அவருக்குப் பிடித்தவை என்று சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதை இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். எதிரி, அந்நியன், வேற்று மதத்தவன் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. துர்மரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை

இசக்கியம்மனின் மண் உருவத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விரிந்த கண், வெளியே நீளும் கோரைப்பல், இடுப்பிலோ கையிலோ ஒரு குழந்தை, வாயில் கடித்தபடி இன்னொரு குழந்தை. நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்குப் போகும் சாலையில் இருக்கும் முப்பந்தல் கோயில் இவளுக்குத் தலைமைப் பதி. கதை பழையனூர் நீலியோடு சேர்ந்தது. நம்பியவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். ஒரு கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான்’ என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் அலறுகிறான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுபது வேளாளர் தங்கள் உயிரைப் பிணை வைத்து இருவரையும் ஓர் அறையில் அடைக்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

பயமுறுத்தும் கதைதான். ஆனால் இவளிடம் வருகிறவர்கள் யாரென்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள், பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வரும் தாய்மார்கள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். வேண்டுதல் பலித்தவர்கள் மரத்தில் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்பவள் என்று பயப்படும் அதே தெய்வத்திடம்தான் பிள்ளையைக் கேட்கிறார்கள். இதில் முரண் ஏதும் இருப்பதாகக் கும்பிடுகிறவர்களுக்குத் தோன்றுவதில்லை. எடுக்கிற வல்லமை யாருக்கு உண்டோ, கொடுக்கிற வல்லமையும் அவளுக்கே என்பது அவர்கள் தர்க்கம். பிரசவம் என்பது சாவோடு கைகலப்பாக இருந்த காலத்தில் வேறு எந்த உருவமும் அந்தப் பயத்துக்குப் பொருந்தியிருக்காது. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல், புனிதம் என்ற உணர்வில் நடுக்கமும் ஈர்ப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன என்று எழுதினார். முப்பந்தலுக்கு அவர் வந்திருந்தால் நூல் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

மூன்று நாள் கொடை

பயம் ஊர் முழுக்கப் பரவிக் கிடந்தால் யாரும் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது, இரவில் கடைக்குப் போய்வர முடியாது. அதனால் வழிபாடு அதற்கு இடமும் நேரமும் குறித்துக் கொடுக்கிறது. ‘சாமி நடமாட்டம்’ உள்ள இடம் இது, உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போகாதே, கருக்கலில் அந்தப் பனைமூட்டில் நிற்காதே என்று எல்லை வகுக்கிறது. எல்லை இருப்பதால் மிச்ச இடமெல்லாம் பத்திரம். செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசி, மேலே குறுகிக்கொண்டு போகும் பீடத்தில் பெரும்பாலும் உருவமே இருக்காது. ‘இங்கேதான் இருக்கிறான்’ என்பதைச் சொல்லும் அடையாளம் அது. இங்கே இருக்கிறான் என்றால் வேறெங்கும் இல்லை என்றும் பொருள்.

நேரம் குறிப்பது கொடைவிழா. வரி பிரித்து, கால்நாட்டி, குடியழைப்பில் தொடங்கி மூன்று நாளில் மஞ்சள் நீராட்டோடு முடிகிறது. நடுநாள் இரவில் வில்லுப்பாட்டு நடக்கிறது. வீசுகோல் வில்நாணில் விழ, குடமும் உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்து வேகம் பிடிக்க, புலவர் கதையைச் சாவு வரைக்கும் நடத்திக்கொண்டு வருவார். சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர் நள்ளிரவில் தீப்பந்தமும் வல்லயமும் ஏந்தி மயானத்துக்குப் போவார். போகும் வழியில் வீட்டுக் கதவுகள் சாத்தியிருக்கும், குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அவர் திரும்பி வந்து படப்பின் முன் நின்று குறி சொல்லும்போது, வருஷம் முழுக்க மனதில் வைத்திருந்த பயத்தை ஒவ்வொருவரும் நேரில் கேட்டுவிடுகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் தட்டிப்போவது ஏன், மாடு செத்தது யார் குற்றம் என்ற கேள்விகளுக்கு ஊரறிய ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் பந்தல் பிரிக்கிறவர்கள் அதே பீடத்தின் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அரசே ஒருமுறை பார்த்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950லிருந்தே இருந்தது. ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதை 2003 ஆகஸ்டில் தமிழக அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. நேர்ந்துவிட்ட கிடா வீட்டில் நிற்க, கொடுக்காமல் விட்டால் சாமி குத்தம் வருமே என்று கிராமங்கள் தவித்தன. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. காவல்துறைக்குப் பயப்படுவதா மாடனுக்குப் பயப்படுவதா என்று வந்தபோது மாடன் ஜெயித்தார் எனலாம்.

முத்து போன பின்பும்

நாஞ்சில் நாட்டில் முத்தாரம்மன் இல்லாத ஊர் அபூர்வம். அம்மை முத்துகளை வாரிப் போடுகிறவளும் அவளே, இறக்குகிறவளும் அவளே. அச்சம் மட்டும்தான் வழிபாட்டின் வேர் என்றால் அதைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த நல்ல சான்று இது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் பதிவானார். உலகிலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பயத்தின் காரணம் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கோயில்கள் சுருங்கவில்லை. ஓட்டுக் கூரை போய் கான்கிரீட் வந்தது, கோபுரம் எழுந்தது. தெய்வத்தின் வேலைதான் மாறியது. நோயைத் தடுத்தவள் வேலைவாய்ப்பு, விசா, தேர்வு, கடன் என்று புதிய மனுக்களைப் பெறுகிறாள். பயம் ஒரு வழிபாட்டைத் தொடங்கி வைக்கலாம். தொடங்கியபின் அது உறவு, ஊர்ப்பெருமை, திருவிழா, சாப்பாடு, கொட்டு என்று வேறு கால்களில் நடக்கப் பழகிக்கொள்கிறது. ரசலின் வாதம் பலவீனப்படும் இடம் இது.

கொதிக்கும் நெய்

அச்சம் அடித்தட்டு மக்களின் சமாச்சாரம், பெருங்கோயில் மதம் அன்பும் தத்துவமும் சார்ந்தது என்று சொல்கிறவர்கள் சுசீந்திரம் வரைக்கும் போய்வர வேண்டும். தாணுமாலயன் கோயிலில் ‘கைமுக்கு’ என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரி ஆண்கள் இங்கே கொண்டுவரப்பட்டு, தெய்வத்தின் முன் கொதிக்கும் நெய்யில் கைவிட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்துப் பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, இல்லையென்றால் நிரபராதி. சுவாதித் திருநாள் ஆட்சிக் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய ஆங்கில நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பார்க்கக் காட்டுமிராண்டித்தனமாகத் தெரியும் இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதற்குப் பொருளியலாளர் பீட்டர் லீசன் 2012இல் ஒரு விளக்கம் தந்தார். அவர் ஆராய்ந்தது ஐரோப்பிய இடைக்காலத்தைத்தான். ஹங்கேரியில் 1208 முதல் 1235 வரையிலான கோயில் பதிவேட்டில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியவர்கள் காயமில்லாமல் தப்பியிருக்கிறார்கள். லீசன் சொல்லும் காரணம் எளிது. கடவுள் குற்றவாளியைச் சுடுவார் என்று உண்மையாகவே நம்புகிற குற்றவாளி சோதனைக்கு முன்பே ஒப்புக்கொள்வான். துணிந்து முன்வருகிறவன் பெரும்பாலும் நிரபராதி. இது புரோகிதருக்குத் தெரியும், எனவே சூட்டை அவரே குறைத்து வைப்பார். எல்லோரும் பயப்படும் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு செல்லும். சுசீந்திரத்திலும் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் இன்றும் ஊர்ப் பஞ்சாயத்தில் ‘அம்மன் நடையில் வந்து சத்தியம் பண்ணு’ என்றதும் சிலர் பின்வாங்குவதன் பின்னே இருப்பது இதே சூத்திரம்.

சாமிதோப்பில் இருந்து வந்த எதிர்ப்பு

இந்த அச்சங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எதிர்த்த இயக்கம் வெளியிலிருந்து வரவில்லை. இராஜாக்கமங்கலத்துக்குக் கிழக்கே, அதே தென்னை பனைக் காட்டிலிருந்து வந்தது. 1809இல் பிறந்த முத்துக்குட்டி, 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக எழுந்து வந்ததாக அய்யாவழி மரபு சொல்கிறது. சாமிதோப்பில் தவமிருந்த அவர் மக்களுக்குச் சொன்னவற்றில் முதன்மையானது பேய்களுக்கு அஞ்சாதே என்பது. பீடம் போடாதே, பலி கொடாதே, காணிக்கை கொடாதே என்றார். பேய்களையெல்லாம் வரவழைத்து எரித்துவிட்டதாகவே 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது. பேயே கிடையாது என்று அவர் வாதாடவில்லை. இருந்தது, முடிந்துவிட்டது என்றார். பயந்து பழகிய மக்களிடம் எடுபடக்கூடிய வாதம் இதுதான்.

அவருக்குக் கிடைத்த கூட்டத்தின் அச்சம் பேய்களோடு நிற்கவில்லை. திருவிதாங்கூரில் அவர்கள் கூலியில்லா ஊழியம் செய்தார்கள், பல்வகை வரி கட்டினார்கள், மேல்சாதியார் வரும்போது விலகி நின்றார்கள், பெண்கள் மேலாடை உடுத்தத் தடை இருந்தது. சாதிக்கும் சர்க்காருக்கும் பயந்தவன் மாடனுக்கும் பயந்தான். வைகுண்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் கண்டார். அகிலத்திரட்டில் கலிநீசனாக வருகிறவன் திருவிதாங்கூர் மன்னனே. சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது, பின்பு விட்டது. 1851இல் அவர் மறைந்தார்.

அய்யாவழியின் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் இன்றும் காணும் நடைமுறைகள் இந்த எதிர்ப்பின் மிச்சங்கள். அன்று தலையில் துண்டு கட்ட உரிமையில்லாதிருந்தவர்களின் வழிவந்தவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்குகிறார்கள். கருவறையில் கோரைப்பல் காட்டும் உருவம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. வணங்குகிறவர் அதில் காண்பது தன் முகத்தை. ஐந்து பதிகளில் ஒன்றான பூப்பதி இராஜாக்கமங்கலத்துக்கு அருகே ஈத்தாமொழியில்தான் உள்ளது. அச்சம் முற்றாக ஒழிந்ததா என்றால் இல்லை. அகிலத்திரட்டிலும் நடுத்தீர்ப்பு உண்டு, தண்டனை உண்டு. ஆனால் அங்கே நடுங்க வேண்டியவன் அடக்கியவன். பயம் ஆள் மாறியது. அய்யாவழியின் அரசியல் சாதனை இதில் அடங்கியிருக்கிறது.

அதே காலத்தில் அதே மக்களிடம் லண்டன் மிஷனும் வேலை செய்தது. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே காலம் தொட்டு மிஷனரிகள் பீடங்களை இடிக்கச் சொன்னார்கள், பள்ளி கட்டினார்கள். கால்டுவெல் 1849இல் எழுதிய ஆங்கில நூலில் பனையேறும் மக்களின் மதத்தை அச்சத்தில் பிறந்த பேய் வழிபாடு என்று தீர்த்துவிட்டார். அந்தச் சமூகம் பின்னாளில் அந்த நூலைக் கடுமையாக எதிர்த்தது. மாடனை விடச் சொன்ன பிரசங்கத்தில் நரகம் தாராளமாக இடம்பெற்றதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வைகுண்டரின் கூட்டம் தங்கள் ஊழியத்துக்குத் தடை என்று 1840களின் மிஷன் அறிக்கைகள் முறையிட்டதில் வியப்பில்லை. பயத்தை விலக்கும் வேலைக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

கடலோரம்

இராஜாக்கமங்கலம்துறைக்கு வந்தால் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டில் சவேரியார் காலத்திலிருந்து கத்தோலிக்கரான கடலோர மக்களுக்குத் தினசரி அச்சம் தண்ணீர்தான். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கண்டது இங்கே நினைவுக்கு வரும். அமைதியான காயலில் மீன்பிடிக்க அந்த மக்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை, ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்கு மேல் சடங்கு செய்தார்கள். குமரிக் கடற்கரையிலும் புதிய வள்ளம் பாதிரியார் மந்திரிக்காமல் இறங்காது. கரையில் குருசடி நிற்கிறது, படகின் நெற்றியில் புனிதரின் பெயர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் சுமார் 800 பேரைக் கொண்டுபோனது, மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலில் இருந்தவர்களை வாரிக்கொண்டது. இத்தகைய பேரிடருக்குப் பின் நம்பிக்கை கூடுமா குறையுமா என்பதற்கு நியூசிலாந்தில் அளவெடுத்த சான்று ஒன்று உண்டு. 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைக் கேட்டபோது, பாதிக்கப்பட்டவர்களிடையே மதச் சார்பு சற்றுக் கூடியிருந்தது, நாட்டின் மற்ற பகுதிகளில் குறைந்திருந்தது.

கடற்கரைக்கும் தோப்புக்கும் இடையில் மத எல்லை உண்டு, அச்சத்துக்கு அந்த எல்லை கிடையாது. குமரிக் கடலோர மீனவர்களான முக்குவர் பெண்களைப் பற்றி 1991இல் நூல் எழுதிய கல்பனா ராம், கத்தோலிக்கப் பெண்களைப் பிடிப்பதாக நம்பப்படும் ஆவிகளில் இசக்கியும் உண்டு என்று காட்டினார். பிடிக்கிறவள் இசக்கி, விரட்டுகிறவர் மாதாவோ அதிதூதர் மிக்கேலோ. ராஜாவூர் மிக்கேல் ஆலயத்துக்கு இந்துக்களும் நோயாளிகளை அழைத்து வருவது இதனால்தான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு கொடிய பக்கம் உண்டு. மனநோயைப் பேய் என்று பயந்து, தர்காவிலும் ஆலயத்திலும் கோயிலிலும் மனிதர்களைக் கட்டிப் போடும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. பீடத்துக்குள் அடைத்து வைத்த பயம் ஊருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதே பயத்தை நோயாளியின் உடம்பில் அடைத்தபோது உயிர்கள் போயின.

வரி

மின்விளக்கு வந்தபின் பேய் குறைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தோப்புகள் வீட்டுமனையானதும் ‘நடமாட்டம்’ உள்ள இடங்கள் பாதி காணாமல் போயின. பள்ளிக்கூடம் நிறைந்த மாவட்டத்தில் பயந்துபோன பிள்ளைக்கு இன்று முதலில் மருத்துவர், பிறகுதான் மந்திரித்துக் கட்டுவது. ஆனாலும் கொடை நிற்கவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் வரியை அனுப்பிவிடுகிறார். முடிந்தால் லீவையே கொடைக்குத் தக்கபடி வாங்குகிறார். மாடன் வந்து அடிப்பான் என்று அவர் நம்புகிறாரா என்று கேட்டால் சிரிப்பார். தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது தன் காலத்தில் முடங்கிப்போய், அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் அம்மாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை.